அணுமின்சாரத்தின் நன்மையும் அபாயமும்: மூன்று விபத்துகள் சொல்லும் வரலாறு

அறிமுகம்

அணுக்கருவைப் பிளக்கும்போது வெளிப்படும் வெப்பத்தால் நீரை ஆவியாக்கி, அந்த நீராவியால் சுழலியைச் சுழற்றி உண்டாக்கும் மின்சாரம் அணுமின்சாரம் எனப்படும். சுழலியிலிருந்து மின்கம்பி வரை பார்த்தால் அணுமின் நிலையமும் அனல்மின் நிலையமும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு அடுப்பில் இருக்கிறது. ஒன்றில் நிலக்கரி எரிகிறது. மற்றொன்றில் யுரேனியத்தின் கரு பிளவுபடுகிறது.

இந்த மின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. பள்ளிக் கட்டுரைகளில் நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை மறுபக்கமும் பட்டியலிடுவது வழக்கம். பட்டியல் தேவைதான். ஆனால் ஓர் அபாயம் எப்படி விபத்தாக மாறுகிறது என்பதை அறிய வரலாற்றைப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் திரி மைல் தீவு (1979), சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் (1986), ஜப்பானின் ஃபுகுஷிமா (2011) ஆகிய மூன்று விபத்துகளையும் அடுத்தடுத்துப் படித்தால் ஓர் ஒற்றுமை தெரியவரும். மூன்றிலும், நடக்கக்கூடியது என்ன என்பது விபத்துக்கு முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. அல்லது சேர்ந்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. இக்கட்டுரை அணுமின்சாரத்தின் பயன்களைச் சுருக்கமாகக் கூறி, அந்த மூன்று விபத்துகளையும் விரிவாக விளக்குகிறது. பின்னர் இந்திய அனுபவத்தையும் கழிவுச் சிக்கலையும் பார்க்கிறது.

ஆய்வகத்திலிருந்து மின்கம்பி வரை

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹான், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மான் ஆகிய வேதியியலாளர்கள் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியபோது பேரியம் உண்டானதைக் கண்டனர். யுரேனியத்தின் கரு இரண்டாகப் பிளந்துவிட்டது என்ற விளக்கத்தை லீஸா மைட்னரும் அவருடைய உறவினர் ஓட்டோ ஃபிரிஷும் 1939இன் தொடக்கத்தில் அளித்தனர். ஒரு கரு பிளக்கும்போது மேலும் இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிவருகின்றன. அவை அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. இதுவே தொடர்வினை.

கட்டுப்படுத்தப்பட்ட தொடர்வினையை என்ரிக்கோ ஃபெர்மியின் குழு 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக நடத்திக் காட்டியது. ஆனால் உலகம் அணுசக்தியை அறிந்தது மின்விளக்காக அன்று. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும் 9 அன்று நாகசாகியிலும் விழுந்த குண்டுகளாகவே அது அறிமுகமானது. அணுமின்சாரத்தைச் சுற்றியுள்ள அச்சத்துக்கும் இரகசியத்துக்கும் இந்தப் பிறப்பு ஒரு முக்கியக் காரணம்.

1951 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சோதனை உலை நான்கு மின்விளக்குகளை எரியவைத்தது. 1954 ஜூன் 27 அன்று மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ஓப்னின்ஸ்க் நிலையம் 5 மெகாவாட் மின்சாரத்தை மின்தொகுப்புக்கு வழங்கியது. 1956இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட கால்டர் ஹால் நிலையம் மின்சாரத்தோடு அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தையும் தயாரித்தது. இந்தியாவில் ஹோமி பாபாவின் தலைமையில் 1956 ஆகஸ்டில் 'அப்சரா' ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. 1969இல் தாராப்பூர் நிலையம் மின்சாரம் தந்தது.

நன்மைகள்

அணுமின்சாரத்தின் முதல் பயன், மிகக் குறைந்த எரிபொருளில் மிகுந்த ஆற்றல் கிடைப்பது. ஒரு கிலோகிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் வெளிப்படும் வெப்பம், ஏறத்தாழ 3,000 டன் நிலக்கரியை எரித்துப் பெறும் வெப்பத்துக்குச் சமம். அனல்மின் நிலையத்துக்கு நாள்தோறும் சரக்கு இரயில்களில் நிலக்கரி வந்தாக வேண்டும். அணுவுலைக்குச் சில லாரிகளில் வரும் எரிபொருள் ஓராண்டுக்கு மேல் போதும்.

இரண்டாவது, உலையில் எதுவும் எரிவதில்லை என்பதால் புகைபோக்கியில் கரியமில வாயு வெளியேறுவதில்லை. சுரங்கம், கட்டுமானம், கழிவு மேலாண்மை அனைத்தையும் சேர்த்துக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அணுமின்சாரம் சுமார் 12 கிராம். காற்றாலையின் அளவும் ஏறக்குறைய இதுவே.

மூன்றாவது, வெயில், காற்று, மழை எதையும் நம்பாமல் இரவும் பகலும் மின்சாரம் கிடைக்கும். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது, சொந்தமாக எண்ணெய் வளம் இல்லாத பிரான்ஸ் அடுத்த ஆண்டே பெரும் அணுமின் திட்டத்தை அறிவித்தது. இன்று அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அணுவுலைகளிலிருந்து வருகிறது. இந்தியாவில் இப்பங்கு சுமார் 3 விழுக்காடு. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட்-60 போன்ற ஐசோடோப்புகளும் அணுவுலைகளில்தான் உருவாக்கப்படுகின்றன.

நான்காவது பயன் பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரே அளவு மின்சாரத்துக்கு எத்தனை உயிர் போகிறது என்று கணக்கிட்ட ஆய்வுகளில், செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்துக்கொண்ட பிறகும், நிலக்கரியின் உயிரிழப்பு பல நூறு மடங்கு அதிகம். நிலக்கரிப் புகை ஒவ்வொரு நாளும் பலரைக் கொல்கிறது, அது செய்தியாவதில்லை.

நிறுத்தினாலும் ஆறாத சூடு

அணுவுலை அணுகுண்டுபோல் வெடிக்காது. குண்டுக்கு யுரேனியம்-235 சுமார் 90 விழுக்காடு செறிவில் வேண்டும். பெரும்பாலான மின் உலைகளில் அது 5 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. உண்மையான அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது.

கரு பிளந்தபின் எஞ்சும் துண்டுகள் அமைதியாக இருப்பதில்லை. அவை கதிரியக்கத்தால் தொடர்ந்து சிதைந்து வெப்பத்தை வெளியிடுகின்றன. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கித் தொடர்வினையை ஒரு நொடியில் நிறுத்திவிடலாம். ஆனால் இந்தச் சிதைவு வெப்பத்தை நிறுத்த எந்தப் பொத்தானும் கிடையாது. விறகை இழுத்துவிட்ட பின்னும் அடுப்பில் தணல் கிடப்பதைப் போன்றது இது.

உலையை நிறுத்திய கணத்தில் இந்த வெப்பம் முழு ஆற்றலில் சுமார் 6 முதல் 7 விழுக்காடு இருக்கும். ஒரு மணி நேரத்தில் 1.5 விழுக்காடாகவும், ஒரு நாளில் அரை விழுக்காடு அளவுக்கும் குறையும். அரை விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை ஏறத்தாழ 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதில் அரை விழுக்காடு 15 மெகாவாட். வீட்டில் பயன்படுத்தும் மின்கெண்டிகள் 10,000 ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமமான வெப்பம் இது. ஆகவே நிறுத்திய உலைக்கும் பல நாள்கள் நீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். நீர் பாய எக்கிகள் வேண்டும். எக்கிகளுக்கு மின்சாரம் வேண்டும். நீர் நின்றால் எரிபொருள் உருகும். எரிபொருளைச் சுற்றியுள்ள சிர்க்கோனியக் குழாய்கள் நீராவியுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். அயோடின்-131, சீசியம்-137 போன்ற கதிரியக்கப் பொருள்கள் வெளியேறும்.

இந்தச் சூடு கழிவிலும் தொடரும். சோவியத் ஒன்றியத்தின் உரால் பகுதியில் மயாக் என்ற ஆயுதத் தொழிற்சாலையில், கழிவுத் தொட்டி ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு பழுதடைந்து, 1957 செப்டம்பர் 29 அன்று தொட்டி வெடித்தது. 10,000க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்டனர். சோவியத் அரசு இதை 1989 வரை ஒப்புக்கொள்ளவில்லை.

திரி மைல் தீவு, 1979

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவெஹன்னா ஆற்றின் நடுவே உள்ள தீவில் அமைந்தது இந்நிலையம். அதன் இரண்டாவது உலை வணிக முறையில் இயங்கத் தொடங்கி மூன்று மாதமே ஆகியிருந்தது. 1979 மார்ச் 28 அன்று அதிகாலை 4 மணிக்கு, நீராவி உண்டாக்கும் கலன்களுக்கு நீர் செலுத்தும் எக்கிகள் நின்றன. உலை சில நொடிகளில் தானாகவே நின்றது. அழுத்தம் கூடியதால், பிரஷர் குக்கரில் இருப்பதைப் போன்ற ஓர் அழுத்தத் தணிப்பு வால்வு திறந்தது. இதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தது.

அழுத்தம் குறைந்தபின் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு, வால்வு மூடிவிட்டது போலக் காட்டியது. உண்மையில் அந்த விளக்கு, மூடும்படி கட்டளை போயிருக்கிறது என்பதை மட்டுமே காட்டுவது. வால்வின் நிலையை அது அறியாது. நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. மற்றொரு கருவி நீர்மட்டம் அதிகமாக இருப்பதாகக் காட்டவே, நீர் நிரம்பி வழிகிறது என்று எண்ணிய பணியாளர்கள், தானாகப் பாயத் தொடங்கிய அவசரக்கால நீரைக் குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகே அந்தப் பாதை அடைக்கப்பட்டது. அதற்குள் எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகிவிட்டது.

இதே நிறுவனம் வடிவமைத்த மற்றோர் உலையில், ஓஹியோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், 1977 செப்டம்பர் 24 அன்று இதே வகை வால்வு இதேபோல் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. அங்கும் பணியாளர்கள் அவசரக்கால நீரைக் குறைத்தனர். உலை அப்போது மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கியதாலும், சுமார் 20 நிமிடங்களில் பிழை கண்டறியப்பட்டதாலும் சேதம் ஏற்படவில்லை. இதை ஆராய்ந்த நிறுவனப் பொறியாளர் ஒருவர், பணியாளர்களுக்கு உடனே புதிய அறிவுரை அனுப்ப வேண்டும் என்று எழுத்துமூலம் எச்சரித்தார். அந்தக் குறிப்பு அலுவலகத்துக்குள்ளேயே சுற்றியது. திரி மைல் தீவில் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

உலையைச் சூழ்ந்திருந்த கனமான கான்கிரீட் காப்புக் கட்டடம் பெரும்பாலான கதிரியக்கத்தை உள்ளேயே தடுத்துவிட்டது. நேரடி உயிரிழப்பு ஏதும் இல்லை. ஆயினும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வெளியேறும்படி ஆளுநர் அறிவுறுத்தியதைத் தொடர்ந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டுப் போனார்கள். விசாரணைக்குப் பின், ஒரு நிலையத்தில் நடக்கும் சிறு கோளாறையும் மற்ற நிலையங்கள் அறிந்துகொள்ளும் ஏற்பாடு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. பணியாளர்களுக்கு மாதிரிக் கட்டுப்பாட்டு அறைகளில் பயிற்சி வலுப்படுத்தப்பட்டது.

செர்னோபில், 1986

இன்றைய உக்ரைனில் உள்ள செர்னோபில் நிலையத்தின் நான்காம் உலையில் 1986 ஏப்ரல் 26 அதிகாலை நடந்தது, உண்மையில் ஒரு பாதுகாப்புச் சோதனை. வெளி மின்சாரம் நின்றுபோனால் டீசல் மின்னாக்கிகள் முழு வேகம் பெற ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில், ஓய்ந்துவரும் சுழலியின் சுழற்சியிலிருந்தே எக்கிகளுக்கு மின்சாரம் பெற முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். ஆறாத சூட்டைச் சமாளிக்கச் செய்த சோதனையே பெரும் விபத்தில் முடிந்தது.

முந்தைய நாள் பகலில் நடக்க வேண்டிய சோதனை, கீவ் நகரின் மின்தேவைக்காகத் தள்ளிவைக்கப்பட்டு, இரவுப் பணியாளர்களின் கைக்கு வந்தது. உலையின் ஆற்றல் எதிர்பார்த்ததைவிட மிகவும் கீழே இறங்கியது. அதை உயர்த்துவதற்காகக் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் பெரும்பாலானவற்றை வெளியே இழுத்தார்கள். 1 மணி 23 நிமிடத்துக்கு உலையை நிறுத்தும் பொத்தான் அழுத்தப்பட்டது.

இந்த வகை உலைகளில் தண்டுகளின் கீழ்ப்பகுதியில் கிராஃபைட் பொருத்தப்பட்டிருந்தது. தண்டு இறங்கும் முதல் சில நொடிகளில், அந்தக் கிராஃபைட் உலையின் அடியில் இருந்த நீரை விலக்கிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். நீர் நியூட்ரான்களை விழுங்கும். கிராஃபைட் அவ்வளவாக விழுங்காது. ஆகவே உலையை நிறுத்த இறங்கிய தண்டே அடிப்பகுதியில் வினையைக் கூட்டியது. ஆற்றல் கட்டுக்கடங்காமல் உயர்ந்து, உலை வெடித்தது. மேற்கத்திய உலைகளில் இருப்பது போன்ற முழுமையான காப்புக் கட்டடம் அங்கு இல்லை. கிராஃபைட் பல நாள்கள் எரிந்தது.

இந்தக் குறையும் முன்பே தெரிந்த ஒன்று. 1975 நவம்பரில் லெனின்கிராட் நிலையத்தின் இதே வகை உலை ஒன்று பகுதியளவு சேதமடைந்தது. அது வெளியே சொல்லப்படவில்லை. 1983இல் லித்துவேனியாவின் இக்னலினா நிலையச் சோதனையில், தண்டு இறங்கும்போது ஆற்றல் கூடுவதையே நேரில் கண்டார்கள். வடிவமைப்பாளர்கள் அறிந்தும் திருத்தம் செய்யவில்லை. அதன் தீவிரம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு உணர்த்தப்படவும் இல்லை. 1986இல் வியன்னாவில் நடந்த கூட்டத்தில் பழி முழுவதும் பணியாளர்கள்மீது விழுந்தது. 1992இல் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு தன் முந்தைய முடிவை மாற்றி, உலையின் வடிவமைப்புக் குறைகளையும் முதன்மைக் காரணமாக ஏற்றது.

மறைத்தல் விபத்துக்குப் பின்னும் தொடர்ந்தது. அருகில் இருந்த பிரிப்யாத் நகரின் சுமார் 49,000 பேர், ஒன்றரை நாள் கழித்தே வெளியேற்றப்பட்டார்கள். ஏப்ரல் 28 அன்று சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிரியக்கம் உணரப்பட்ட பிறகுதான் சோவியத் அரசு ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டது. மே 1 அன்று கீவ் நகரில் தொழிலாளர் தின ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது.

இந்தத் தாமதத்தின் விலையைச் சிறுவர்கள் கொடுத்தார்கள். அயோடின்-131 புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் சேர்ந்தது. அதன் அரைவாழ்நாள் 8 நாள்கள்தான். சில வாரங்கள் பாலைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். அப்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 2005 வரை 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவற்றில் பெரும்பங்குக்கு இந்தப் பால் காரணம் என்று ஐக்கிய நாடுகள் அறிவியல் குழு கூறுகிறது. நல்வாய்ப்பாக அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தனர். அண்டை நாடான போலந்து, மாஸ்கோவின் செய்திக்குக் காத்திராமல், 1 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் மருந்து வழங்கியது.

வெடித்த இரவில் இருவரும், கடும் கதிர்வீச்சு நோயால் அவ்வாண்டில் 28 பேரும் இறந்தனர். நீண்ட கால உயிரிழப்பு, அதிகக் கதிர்வீச்சு பெற்றவர்களிடையே 4,000 வரை செல்லலாம் என்று ஐ.நா. அமைப்புகளின் 2005ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. இதைக் குறைவான கணக்கு என்று மறுப்பவர்களும் உள்ளனர்.

ஃபுகுஷிமா, 2011

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் கிழக்குக் கடலில் 9.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஃபுகுஷிமா டாய்இச்சி நிலையத்தில் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் உடனே நின்றன. வெளி மின்சாரம் அறுந்தது; டீசல் மின்னாக்கிகள் இயங்கின. சுமார் 50 நிமிடங்கள் கழித்து 14 மீட்டர் அளவு உயர்ந்த ஆழிப்பேரலை வந்தது. நிலையத்தின் தரைமட்டம் 10 மீட்டர். டீசல் மின்னாக்கிகளில் பெரும்பாலானவையும் மின்பகிர்வுப் பலகைகளும் அடித்தளத்தில் இருந்ததால் நீரில் மூழ்கின. எக்கிகள் நின்றன. அடுத்த நாள்களில் மூன்று உலைகளும் உருகின. ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடக் கூரைகள் பறந்தன. சற்று மேட்டில் இருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு டீசல் மின்னாக்கி தப்பியது. அதுவே ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது.

2008இல் டோக்கியோ மின் நிறுவனத்தின் சொந்தக் கணக்கீடே 15.7 மீட்டர் அலை வரக்கூடும் என்று காட்டியிருந்தது. அப்பகுதியில் கி.பி. 869இல் பேரலை உள்நாடு வரை வந்ததற்கான மணல் படிவுகளை நிலவியலாளர்கள் கண்டறிந்திருந்தனர். நிறுவன மேலாளர்கள் சுவர் எழுப்புவதற்குப் பதில், மேலும் ஆராயும்படி வல்லுநர் சங்கத்திடம் ஒப்படைத்தனர். அந்தக் கணக்கீடு ஒழுங்குமுறை அமைப்பிடம் 2011 மார்ச் 7 அன்று, பேரலைக்கு நான்கு நாள்கள் முன்பு, தரப்பட்டது. அந்த ஒழுங்குமுறை அமைப்போ, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2012இல் முடிவு கூறியது.

இதே கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில், வேறொரு நிறுவனத்தின் ஓனகாவா அணுமின் நிலையம் இருக்கிறது. திட்டமிட்ட காலத்தில் ஹிராய் யானோசுகே என்ற மூத்த பொறியாளர், பழைய பேரலையை நினைவூட்டி, நிலையம் 14.8 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும் என்று வற்புறுத்தினார். செலவு கூடினாலும் நிறுவனம் ஏற்றது. 2011இல் அங்கு வந்த அலை 13 மீட்டர். உலைகள் பத்திரமாக நின்றன. வீடிழந்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் அந்த நிலைய வளாகத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள். ஒரே கடல், ஒரே அலை, ஒரே தொழில்நுட்பம். பழைய எச்சரிக்கையை ஓரிடத்தில் ஏற்றார்கள், மற்றோரிடத்தில் தள்ளிப்போட்டார்கள்.

ஃபுகுஷிமாவில் கடும் கதிர்வீச்சால் உடனடியாக இறந்தவர் எவருமில்லை. ஆனால் 1,50,000க்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறினர். அவசர இடமாற்றத்தின் இன்னல்களால், பெரும்பாலும் முதியோரும் நோயாளிகளுமாக, அம்மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் பின்னர் இறந்தனர். அணுவிபத்தின் தீங்கைக் கதிர்வீச்சு அளவை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது என்பதற்கு இது சான்று.

இந்தியாவில்: நரோரா, கல்பாக்கம், கூடங்குளம்

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் உள்ள நரோரா நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலை, சுழலியின் அலகுகள் உடைந்து தீப்பற்றியது. மின்கம்பிகள் கருகி, 17 மணி நேரம் நிலையம் முழுவதும் மின்சாரமின்றி இருந்தது. உலை நின்றுவிட்டாலும் அதன் சூட்டை ஆற்ற வேண்டும். பணியாளர்கள் டீசலால் இயங்கும் தீயணைப்பு எக்கிகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்கு நீர் செலுத்தினர். சிலர் கைவிளக்குடன் உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, தொடர்வினை மீண்டும் தொடங்காதிருக்க போரான் கரைசலைத் திறந்துவிட்டனர். கதிரியக்கம் வெளியேறவில்லை. அவர்களுடைய துணிவு போற்றத்தக்கது. ஆனால் அந்த வகைச் சுழலி அலகுகளில் விரிசல் வரலாம் என்ற தகவல் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்தும், உரிய மாற்றம் செய்யப்படாதிருந்தது. இங்கும் அதே கதைதான்.

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இலும் இரண்டாவது 1985இலும் இயங்கத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது முதல் உலை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது, இரண்டாவது இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் எடுக்கும் சுரங்கப் பாதை வழியே நீர் புகுந்து எக்கி அறை மூழ்கியது. உலை உடனே நிறுத்தப்பட்டது. உலைக் கட்டடங்களும் மின்னாக்கிகளும் அலை எட்டாத உயரத்தில் இருந்ததால் குளிரூட்டல் தடைபடவில்லை. ஒரு வாரத்தில் உலை மீண்டும் இயங்கியது. அருகில் கட்டப்பட்டுவந்த வேக ஈனுலையின் அடித்தளக் குழியில் கடல்நீர் நிரம்பியது. பணியாளர் குடியிருப்பிலோ உயிர்கள் பறிபோயின. உலை தப்பியதற்குக் காரணம் அலை சிறியது என்பதன்று. இடத்தின் உயரம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

கூடங்குளம் நிலையத்துக்கான உடன்பாடு 1988இல் ராஜீவ் காந்தி, கோர்பச்சேவ் காலத்தில் கையெழுத்தானது. 1,000 மெகாவாட் திறனுள்ள முதல் உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. இவை செர்னோபில் வகை உலைகள் அல்ல. இரட்டைக் காப்புக் கட்டடமும், மின்சாரமின்றிக் காற்றோட்டத்தாலேயே சூட்டை ஆற்றும் அமைப்பும், உருகிய எரிபொருளைத் தாங்கும் அடித்தொட்டியும் கொண்டவை. ஃபுகுஷிமாவுக்குப் பின் இடிந்தகரையைச் சுற்றியுள்ள மீனவ மக்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது தகவல். பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் வெளியிடும்படி மத்தியத் தகவல் ஆணையம் 2012இல் உத்தரவிட்டது. அணுமின் கழகம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் பல பாதுகாப்பு நிபந்தனைகளுடன் நிலையத்துக்கு அனுமதி அளித்தது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் போதிய சுதந்திரம் இல்லாமல் இருப்பதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2012ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டினார். ஃபுகுஷிமாவின் பாடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய அறிக்கை அது.

கழிவு என்னும் நீண்ட கடமை

பயன்படுத்திய எரிபொருள் முதலில் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் ஆறுகிறது. பின்னர் சில நாடுகள் அதை அப்படியே சேமிக்கின்றன. இந்தியா, பிரான்ஸ் போன்றவை அதிலுள்ள புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து, எஞ்சிய கழிவைக் கண்ணாடியோடு உருக்கி இறுக்குகின்றன. சீசியம்-137இன் அரைவாழ்நாள் 30 ஆண்டுகள். புளூட்டோனியம்-239இன் அரைவாழ்நாள் சுமார் 24,000 ஆண்டுகள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வயது ஆயிரத்துச் சொச்சம்தான். அதைப் போல 20 மடங்குக்கும் மேற்பட்ட காலம் கழிந்தாலும், இன்று உண்டாகும் புளூட்டோனியத்தில் பாதி அப்படியே இருக்கும். பின்லாந்து தன் மேற்குக் கரையில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து 'ஓன்கலோ' என்ற நிரந்தரக் கிடங்கை அமைத்திருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் இறுதி இடம் இன்னும் முடிவாகவில்லை.

முடிவுரை

அணுமின்சாரத்தின் நன்மையும் அபாயமும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. ஒரு கிலோ யுரேனியத்தில் அத்தனை ஆற்றல் அடங்கியிருப்பதால்தான் அது பயனுள்ளது. அதே காரணத்தால்தான் நிறுத்திய பின்னும் அது நீறு பூத்த நெருப்பாக இருக்கிறது. அந்த நெருப்பை ஆற்றும் பொறியியல் மனிதருக்குத் தெரியும். ஓனகாவாவும் கல்பாக்கமும் அதற்குச் சான்று. மூன்று பெரிய விபத்துகளிலும் குறைவாக இருந்தது அறிந்ததைச் சொல்லும் வழக்கமும், சொன்னதைக் கேட்டுச் செயல்படும் வழக்கமும்.

ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரலில் மூடியது. விபத்தைச் சந்தித்த ஜப்பான் 2015 முதல் உலைகளைப் படிப்படியாக மீண்டும் இயக்கிவருகிறது. இரண்டு முடிவுகளுக்கும் காரணங்கள் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும், ஓர் அணுமின் நிலையத்தைப் பற்றி மாணவர்களும் அருகில் வாழும் மக்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: வெளி மின்சாரம் முழுவதும் நின்றால் உலையின் சூட்டை ஆற்ற என்ன ஏற்பாடு, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? வேறு நிலையங்களில் நடந்த கோளாறுகளிலிருந்து இங்கு என்ன மாற்றப்பட்டது? நிலையத்தைக் கண்காணிப்பவர், அதை நடத்துபவருக்குக் கட்டுப்பட்டவரா? விபத்து நடந்தால் முதல் மணி நேரத்தில் ஊருக்கு யார் சொல்வார்கள், மக்கள் எந்த வழியாக எங்கே போக வேண்டும்? இக்கேள்விகளைக் கேட்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரானவர்கள் அல்லர். டேவிஸ்-பெஸ்ஸியைப் பற்றி எழுதிய பொறியாளரும், 14.8 மீட்டர் வேண்டும் என்று நின்ற ஹிராயும் அணுமின் துறைக்குள் இருந்தே இவற்றைக் கேட்டவர்கள்.